கடைசிக் கடையின் கல்லா: கேம்பிங் தளங்களில் ரொக்கமும் கார்டும்

பிரிட்டனின் கடற்கரைகளிலும் மலையடிவாரங்களிலும் ஈஸ்டர் விடுமுறை தொடங்கி அக்டோபர் வரை கேம்பிங் தளங்கள் நிரம்பி வழியும். அவற்றில் பலவற்றின் வாசலருகே ஒரு சின்னக் கடை உண்டு. பால், ரொட்டி, முட்டை, தீப்பெட்டி, வலைப்பையில் கட்டிய விறகு, அடுப்புக்கான கேஸ் குப்பி, கூடாரத்துக்கு முளை, குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் என்று ஓர் அறைக்குள் அடங்கும் சரக்கு. கார் இல்லாமல் முதுகுப் பையோடு நடந்து வருபவர்களுக்கு மைல் கணக்கில் வேறு கடையே இருக்காது.

இந்தக் கடைகளின் கதவில் இப்போது ஓர் அறிவிப்பை அடிக்கடி பார்க்க முடிகிறது: கார்டு மட்டும். நகரத்துக் காப்பிக்கடையில் இதைப் பார்ப்பவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இங்கே அடுத்த கடை கிடையாது. அதனால்தான் ரொக்கமில்லாப் பொருளாதாரம் பற்றிய பெரிய விவாதத்தின் எல்லாக் கேள்விகளும் இந்தச் சின்னக் கல்லாவில் கூர்மையாக எழுகின்றன. செலவை யார் ஏற்பது? சிக்னல் போனால் என்ன செய்வது? யார் வெளியே நிற்க நேர்கிறது? அரசு எதுவரை தலையிடலாம்?

பிரிட்டனை நடுவில் வைத்து, நார்வே, சுவீடன், டென்மார்க், பிரான்ஸ் ஆகிய நாடுகளின் அனுபவத்தையும் சேர்த்து இக்கேள்விகளை இந்தக் கட்டுரை பரிசீலிக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றுவட்டாரத்தில் ஒரே கடையாக இருக்கும் கடை, வருபவர் கையில் எது இருக்கிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அதே சமயம், ரொக்கத்தை உயிரோடு வைத்திருக்கும் செலவைக் கடைக்காரர் தலையில் கட்டுவது அநியாயம்.

கூடாரத்தோடு வந்த கடை

பிரிட்டனில் பொழுதுபோக்குக் கேம்பிங் ஓர் இயக்கமாக உருவெடுத்தது 1901இல். தாமஸ் ஹிராம் ஹோல்டிங் என்ற தையற்காரரின் முனைப்பில், அன்றைய பெர்க்‌ஷயரின் வாண்டேஜ் ஊரருகே சைக்கிளில் வந்து கூடாரமடித்த சிலர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய கேம்பிங் அண்ட் கேரவானிங் கிளப் அதன் வாரிசு. 1907இல் கேரவான் கிளப் வந்தது. ஆரம்ப காலத்தில் கூடாரமடிக்க இடம் கொடுத்த விவசாயியே பாலும் முட்டையும் விற்றார். பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினால் கிடைக்கும் அந்தப் பாலும் முட்டையும்தான் கேம்பிங் தளக் கடையின் தொடக்கம்.

கேரவான்கள் பெருகிய பிறகு, 1960ஆம் ஆண்டின் கேரவான் தளச் சட்டம் உரிம முறையைக் கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற கிளப்புகளின் சான்றோடு ஐந்து கேரவான்கள் வரை நிறுத்த அனுமதிக்கும் சிறு தளங்களுக்கும் அந்தச் சட்டம் வழி விட்டது. பண்ணைகளையொட்டி இன்றும் நாடு முழுதும் இயங்கும் இந்தக் குட்டித் தளங்களில் தனிக் கடை இருப்பது அபூர்வம். வேலியோரம் ஒரு மரப்பெட்டி, அதற்குள் முட்டை அட்டைகள், விலை எழுதிய பலகை, காசு போட ஒரு தகர டப்பா. ஆங்கிலேயக் கிராமங்களில் இந்த நம்பிக்கைப் பெட்டி பழைய வழக்கம்.

2023 ஜூலையில் இங்கிலாந்தின் திட்ட விதிகள் தளர்ந்தன. முழுத் திட்ட அனுமதி கேட்காமலே, ஆண்டுக்கு 60 நாள், 50 இடங்கள் வரை கொண்ட தற்காலிகத் தளத்தை நில உரிமையாளர் நடத்தலாம் என்றானது. பள்ளி விடுமுறைக்கு மட்டும் முளைக்கும் இத்தகைய தளங்களில் கடை என்பது ஒரு மேசை, ஒரு குளிர்பெட்டி, கைபேசியோடு இணையும் உள்ளங்கையளவு கார்டு மெஷின். கல்லாப்பெட்டியே இல்லாமல் தொடங்கும் கடைகள் இவை. ரொக்கம் வேண்டாம் என்று இவர்கள் தனியாக முடிவெடுப்பதில்லை. தொடக்கத்திலிருந்தே அது இவர்கள் ஏற்பாட்டில் இல்லை.

சில்லறை குறைந்த விதம்

பிரிட்டனில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மொத்தப் பணப் பரிமாற்றங்களில் பாதிக்கு மேல் ரொக்கமாக நடந்தன. 2017இல் டெபிட் கார்டு ரொக்கத்தை முந்தியது. 2023இல் ரொக்கத்தின் பங்கு 12 சதவீதமாகச் சுருங்கியிருந்ததாக யுகே ஃபைனான்ஸ் அமைப்பின் கணக்கு சொல்கிறது.

இதில் கான்டாக்ட்லெஸ் கார்டின் பங்கு பெரிது. 2007இல் அறிமுகமானபோது ஒரு முறைக்கு 10 பவுண்டு வரைதான் தொட்டுச் செலுத்த முடிந்தது. 2015இல் அது 30 பவுண்டானது. கொரோனா வந்ததும், 2020 ஏப்ரலில் 45 பவுண்டாகவும், 2021 அக்டோபரில் 100 பவுண்டாகவும் உயர்ந்தது. அந்த இரண்டு கோடைகளில் வெளிநாடு போக முடியாத பிரிட்டிஷ் குடும்பங்கள் உள்நாட்டுக் கேம்பிங் தளங்களை நிறைத்தன. நோட்டைத் தொடவே மக்கள் அஞ்சிய காலமும், கடைகளில் கூட்டம் அலைமோதிய காலமும் ஒன்றாக அமைந்தன. அதுவரை கார்டு மெஷின் வைத்திராத கடைக்காரர்களும் அப்போது வாங்கினார்கள். கூட்டம் கலைந்த பிறகும் மெஷின் தங்கிவிட்டது.

இன்னொரு பக்கம் வங்கிகள் வெளியேறின. 2015 தொடக்கத்திலிருந்து 6,000க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடப்பட்டதாக விச் என்ற நுகர்வோர் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. மூடியவற்றில் கிராமத்துச் சந்தையூர்களின் கிளைகள் பல. அன்றைய கலெக்‌ஷனைக் கட்டவும் சில்லறை மாற்றவும் போக இடமில்லாத கடைக்காரருக்கு ரொக்கம் சுமையானது. வாடிக்கையாளர் கார்டை விரும்பியதால் கடைகள் மாறின என்பது பாதிக் கதைதான். ரொக்கத்தைக் கையாளும் வசதி கடைக்காரரிடமிருந்து பறிக்கப்பட்டது மீதிக் கதை.

கடைக்காரரின் கணக்கு

பருவகாலக் கடைக்குக் கார்டு மெஷின் பழைய முறையில் கட்டுப்படியாகவில்லை. பெரிய நிறுவனங்கள் ஆண்டு ஒப்பந்தம் கேட்டன. மாத வாடகை, பரிமாற்றத்துக்கு இவ்வளவு பென்ஸ், அதற்கு மேல் சதவீதக் கமிஷன். ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாதம் 20 பவுண்டு வாடகை என்றால் ஆண்டுக்கு 240. கடை திறந்திருப்பது ஏழு மாதம். வாடகை பன்னிரண்டு மாதத்துக்கு. பருவம் முழுதும் 12,000 பவுண்டுக்கு விற்கும் கடைக்கு வாடகையே 2 சதவீதம். ஒன்றரைப் பவுண்டு பாலுக்கு நிலையான கட்டணம் 10 பென்ஸ் போனால், அந்த விற்பனையில் ஏறக்குறைய 7 சதவீதம் அங்கேயே கரைந்துவிடும். “ஐந்து பவுண்டுக்குக் குறைந்தால் கார்டு இல்லை” என்ற அட்டை பழைய கடைகளில் தொங்கியதற்கு இதுவே காரணம். லண்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மூலைக்கடை நடத்தும் ஈழத்தமிழர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

இந்த நிலையை மாற்றியவை 2010இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ஐசெட்டிலும், 2012இல் பெர்லினில் தொடங்கிய சம்அப்பும், அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்கொயரும். மெஷினை ஒரு முறை விலைக்கு வாங்கினால் போதும், மாத வாடகை இல்லை, விற்றதில் 1.7 சதவீதத்தை ஒட்டிய ஒரே கமிஷன். ஒன்றரைப் பவுண்டு பாலுக்கு இரண்டரை பென்ஸ். கடை மூடியிருக்கும் குளிர்காலத்தில் ஒரு பென்ஸும் செலவில்லை. பருவம் முடிந்தால் மெஷினை இழுப்பறையில் போட்டுவிடலாம். சின்னக் கேம்பிங் தளக் கடைகள் கார்டுக்கு மாறியதற்கு இதைவிடப் பெரிய தனிக் காரணம் இல்லை.

ஆனால் இந்த 1.7 சதவீதம் நியாயமான விலையா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு விதிப்படி, கார்டு கொடுத்த வங்கிக்குச் சேரும் பங்குக்கு உச்சவரம்பு உண்டு: டெபிட்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட்டுக்கு 0.3 சதவீதம். பிரிட்டன் ஒன்றியத்தை விட்ட பிறகும் உள்நாட்டுப் பரிமாற்றங்களுக்கு இதை வைத்துக்கொண்டது. அந்த வரம்பால் கிடைத்த சேமிப்பு பெரிய கடைகளைச் சென்றடைந்தது. சிறிய, நடுத்தரக் கடைகளுக்கு அது முழுதாகப் போய்ச்சேரவில்லை என்று பிரிட்டனின் பணப் பரிமாற்ற ஒழுங்குமுறை அமைப்பு 2021இல் கண்டறிந்தது. விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் தம் பங்குக்கு வசூலிக்கும் கட்டணங்களும் ஏறியிருப்பதை அதே அமைப்பின் 2025 அறிக்கை காட்டியது. 2018 ஜனவரி முதல் கார்டுக் கமிஷனை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கத் தடை இருக்கிறது. அந்தத் தடை வாங்குபவரைக் காப்பாற்றுகிறது. செலவோ சரக்கின் விலையில் ஏறி, ரொக்கம் கொடுப்பவர் தலையிலும் சேர்ந்தே விழுகிறது.

ரொக்கத்துக்கும் செலவு உண்டு, அது ரசீதில் தெரியாது என்பதே வித்தியாசம். கடை மூடிய பிறகு கடைக்காரர் மேசையில் காசைக் கொட்டிப் பிரிக்கிறார். பிரிட்டிஷ் வங்கிகளின் பிளாஸ்டிக் பைக்குக் கணக்கு உண்டு: ஒரு பவுண்டு நாணயமென்றால் பைக்கு 20 பவுண்டு, 50 பென்ஸும் 20 பென்ஸும் 10 பவுண்டு, 10 பென்ஸும் 5 பென்ஸும் 5 பவுண்டு, செப்புக் காசு 1 பவுண்டு. ஒரு பையில் இரண்டு வகை கலக்கக் கூடாது. பைகளைத் தூக்கிக்கொண்டு அஞ்சலகம் இருக்கும் ஊருக்குக் காரில் போக வேண்டும். வியாபாரக் கணக்கில் காசு கட்ட வங்கி கட்டணம் எடுக்கும். மறுநாள் காலை கல்லாவைத் திறக்கச் சில்லறை கைவசம் வேண்டும். வாரயிறுதியில் எல்லோரும் 20 பவுண்டு நோட்டோடு வந்தால் ஞாயிறு மதியத்துக்குள் அந்தச் சில்லறை தீர்ந்துவிடும். வயதான தம்பதி நடத்தும் தளத்தில், பணத்தைக் கடையில் வைத்துவிட்டுத் தூங்கும் பயமும் சேர்ந்துகொள்ளும். ரொக்கத்தை மறுக்கும் கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் இந்த மேசையை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தளத்துக்குள்ளேயே ஒரு முரணும் இருக்கிறது. குளியலறைக்கும் துணி துவைக்கும் மெஷினுக்கும் நாணயமோ டோக்கனோ போட வேண்டிய தளங்கள் இன்னும் இருக்கின்றன. கடையில் கார்டு மட்டும் என்றால் அந்த 20 பென்ஸ் நாணயத்துக்குக் குடும்பங்கள் எங்கே போகும்? அறிவிப்பு ஒட்டுவதற்கு முன் வெந்நீர்க் குழாயையும் மாற்றியாக வேண்டும். சில தளங்கள் குளியலை இலவசமாக்கி, செலவைத் தங்கும் கட்டணத்தில் சேர்த்துவிட்டன. அது நல்ல தீர்வு.

யாருக்குச் சிக்னல் வேண்டும்?

ரொக்கம் தவிர எந்த முறையில் பணம் செலுத்தினாலும் எங்கோ ஓர் இணைப்பு தேவை. யார் பக்கம் தேவை என்பதே கேள்வி. கார்டையோ கைபேசியையோ மெஷினில் தொட்டால், இணைப்பு வேண்டியது கடையின் மெஷினுக்கு. வாடிக்கையாளரின் கைபேசியில் சிக்னலே இல்லாவிட்டாலும் சார்ஜ் இருந்தால் போதும். க்யூஆர் கோடு என்றால் நிலைமை தலைகீழ்: கடையில் ஒரு காகிதம் போதும், இணைப்பு வாங்குபவரின் கைபேசிக்கு வேண்டும். ரொக்கத்துக்கு இரண்டு பக்கமும் எதுவும் வேண்டாம். கூடாரத்தில் மூன்றாம் நாள் இரவைக் கழித்தவரின் கைபேசியில் சார்ஜ் இருப்பதே நிச்சயமில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேம்பிங் தளங்கள் அமைவதே பள்ளத்தாக்கிலும் காட்டோரத்திலும். பிரிட்டிஷ் அரசும் நான்கு கைபேசி நிறுவனங்களும் 2020 மார்ச்சில் கிராமப்புறக் கூட்டு வலையமைப்புக்கு ஒப்பந்தம் செய்தன. 2025 முடிவுக்குள் நிலப்பரப்பில் 95 சதவீதத்துக்கு 4ஜி என்பது இலக்காக இருந்தது. ஏதாவது ஒரு நிறுவனத்தின் சிக்னல் எட்டினாலே அந்த இடம் கணக்கில் சேர்ந்துவிடும். கடையின் மெஷினில் இருப்பது வேறு நிறுவனத்தின் சிம்மாக இருந்தால் அந்தக் கணக்கால் பயனில்லை. இதற்கிடையே 3ஜி நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய கார்டு மெஷின்கள் பல நம்பியிருக்கும் 2ஜி 2033க்குள் போகும். செப்புக் கம்பித் தொலைபேசி 2027 ஜனவரியோடு முடிகிறது. அந்தப் பழைய கம்பிக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. புதிய இணைப்பு வீட்டில் மின்சாரம் போனால் தானும் போய்விடும்.

இவை கற்பனைக் கவலைகள் அல்ல. 2018 ஜூன் 1 அன்று விசாவின் தரவு மையத்தில் ஒரு சுவிட்ச் பழுதானதால் ஐரோப்பா முழுதும் சுமார் 52 லட்சம் பரிமாற்றங்கள் தோற்றன. அது ஒரு வெள்ளிக்கிழமை; கேம்பிங் பருவத்தின் நடுவே. 2021 ஜூலையில், சுவீடனின் விடுமுறை உச்சத்தில், கசேயா மென்பொருள் வழியாக நடந்த இணையத் தாக்குதலில் கூப் நிறுவனத்தின் ஏறக்குறைய 800 கடைகளின் கல்லாக்கள் முடங்கின. அதே ஆண்டு நவம்பரில் ஆர்வென் புயலால் வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போனது. ஒரு வாரத்துக்கு மேல் இருட்டில் இருந்தவர்களும் உண்டு. 2025 ஏப்ரல் 28இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழந்தன. பல மணி நேரத்துக்கு, பையில் நோட்டு வைத்திருந்தவர்கள் தண்ணீரும் ரொட்டியும் வாங்க முடிந்தது.

சில மெஷின்களில் இணைப்பில்லாத நேரத்தில் பரிமாற்றத்தைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் வசதி இருக்கிறது. பின்னால் வங்கி மறுத்தால் நஷ்டம் கடைக்காரருக்கு. பத்து பவுண்டு விறகுக்கு அந்த நஷ்டத்தை ஏற்கலாம். நூறு பவுண்டு கேஸ் சிலிண்டருக்கு யோசிக்கத்தான் வேண்டும்.

வாசலில் நிற்பவர்கள்

நாடலி சீனி தலைமையில் 2019 மார்ச்சில் வெளிவந்த ரொக்க அணுகல் ஆய்வு, ரொக்கமே இல்லாமல் போனால் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வயது வந்தோர், அதாவது மக்களில் 17 சதவீதத்தினர், திண்டாடுவார்கள் என்று கணித்தது. முதியவர்கள் மட்டும் பாதிக்கப்படுவார்கள் என்ற எண்ணத்தை அந்த ஆய்வு திருத்தியது. வயதைவிட வறுமையே வலுவான அடையாளம் என்றது. வாரச் செலவை உறைகளில் பிரித்து வைத்துச் சமாளிக்கும் குடும்பத்துக்கு நோட்டு என்பது வரவுசெலவுத் திட்டம். விமானம் ஏற வசதியில்லாதவர்களின் விடுமுறையாகவும் கேம்பிங் இருந்துவந்திருக்கிறது. ஆகவே தேசிய சராசரியை வைத்து இந்தக் கடைகளை அளக்க முடியாது.

குழந்தைகளையும் இங்கே நினைக்க வேண்டும். கார் வராத புல்வெளி, கண்ணெட்டும் தூரத்தில் கடை. பெற்றோர் துணையின்றி ஒரு குழந்தை முதன்முதலாகக் கடைக்குப் போய் வருவது பல குடும்பங்களில் கேம்பிங்கில்தான். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்த இரண்டு பவுண்டு நாணயம், அதற்குள் எது வாங்கலாம் என்ற நீண்ட யோசனை, மிச்சக் காசை எண்ணிக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுப்பது. காசு செலவானால் குறையும் என்பதை எட்டு வயதுப் பிள்ளை கண்ணால் பார்த்துக் கற்கும் இடம் அது. சிறார்களுக்கான கார்டுகள் வந்துவிட்டன. அவற்றுக்கு மாதக் கட்டணம் கட்டும் பெற்றோரும் கைபேசிச் செயலியும் வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் அது வாய்க்காது.

மூன்றாவது கூட்டம் வெளிநாட்டுப் பயணிகள். சுவீடனில் 2012இல் தொடங்கிய ஸ்விஷ் இன்று அந்நாட்டு மக்களின் அன்றாடப் பழக்கம். சந்தையில் பெர்ரிப் பழம் விற்பவரும் ஸ்விஷ் எண்ணை எழுதி வைத்திருப்பார். அதில் சேரச் சுவீடன் வங்கிக் கணக்கும் அந்நாட்டு மின்னணு அடையாளமும் வேண்டும். கோடையில் சுவீடனின் காடுகளுக்கும் ஏரிகளுக்கும் கேரவானோடு வரும் ஜெர்மானியருக்கும் டச்சுக்காரருக்கும் அது கிடையாது. ஸ்விஷ் மட்டும் ஏற்கும் விறகுப் பெட்டி முன்னால் பை நிறையப் பணத்தோடும் கார்டுகளோடும் நிற்பவரும் கைவிரிக்க வேண்டியதுதான். ஒரு நாட்டின் உள்ளூர் வசதி, வெளியார் வந்து தங்கும் இடத்தில் வேலியாகிவிடுகிறது.

சட்டங்கள் போகும் திசை

பிரிட்டனில் ரொக்கத்தை வாங்கியாக வேண்டும் என்று கடையைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. 2023ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள், சந்தைகள் சட்டம் ரொக்க அணுகலைக் காக்கும் பொறுப்பை நிதி நடத்தைக் கண்காணிப்பு ஆணையத்திடம் தந்தது. 2024 செப்டம்பர் 18 முதல் நடைமுறைக்கு வந்த அதன் விதிகள் பெரிய வங்கிகளைக் கட்டுப்படுத்துகின்றன. ஓர் ஊரில் காசு எடுக்கவும் கட்டவும் இடைவெளி இருந்தால் அவை ஆராய்ந்து நிரப்ப வேண்டும். பல வங்கிகள் சேர்ந்து நடத்தும் பொது வங்கி மையங்கள் இப்படித்தான் பரவுகின்றன. ஆக, காசு எடுக்க வழி செய்யும் சட்டம் இருக்கிறது. எடுத்த காசைச் செலவழிக்க வழி செய்யும் சட்டம் இல்லை. நாடாளுமன்றத்தின் கருவூலக் குழு 2025இல் இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டி எச்சரித்தது.

மற்ற நாடுகள் வேறு வழிகளில் போயிருக்கின்றன. பிரான்சில் ரொக்கத்தை மறுப்பது தண்டனைச் சட்டப்படி குற்றம். 150 யூரோ வரை அபராதம். கூடவே, சரியான சில்லறையைத் தரும் பொறுப்பு வாங்குபவருடையது என்றும் அங்கே விதி உண்டு. சிறு கடைக்காரரின் சங்கடத்தைப் புரிந்துகொண்ட ஏற்பாடு அது. டென்மார்க்கில் ஆளிருக்கும் கடைகள் காலை 6 முதல் இரவு 10 வரை ரொக்கத்தை ஏற்க வேண்டும். கொள்ளை அபாயத்தைக் கருதி இரவு நேரத்துக்கு விலக்கு. நார்வே 2024 அக்டோபர் 1 முதல் ரொக்கம் செலுத்தும் உரிமையை இறுக்கியது. நிலையான கடையில், ஆள் இருக்கும் நேரத்தில், 20,000 குரோனர் வரை ரொக்கத்தை மறுக்க முடியாது.

இவற்றில் சுவீடனின் மனமாற்றம்தான் கவனிக்கத்தக்கது. கடைசியாக வாங்கிய பொருளுக்கு ரொக்கம் கொடுத்தவர்கள் 2010இல் 39 சதவீதம், 2018இல் 13 சதவீதம் என்று அந்நாட்டு மத்திய வங்கியான ரிக்ஸ்பேங்கின் கணக்கெடுப்புகள் காட்டின. ரொக்கமில்லா உலகின் முன்னோடி என்று பெயரெடுத்த அந்த நாடு, போர், நெருக்கடி காலத் தயாரிப்புக்காக 2024 நவம்பரில் வீடுதோறும் அனுப்பிய கையேட்டில் கொஞ்சம் ரொக்கத்தை வீட்டில் வைத்திருக்கச் சொல்கிறது. அத்தியாவசியப் பொருட்களுக்கு இணைப்பில்லாமலும் கார்டு வேலை செய்ய வேண்டும் என்று ரிக்ஸ்பேங்க் வங்கிகளையும் கடைகளையும் நெருக்குகிறது. மிக வேகமாகப் போனவர்களே முதலில் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஆளில்லாக் கடை

ரொக்கமா கார்டா என்ற சண்டைக்கு வெளியே நிற்கும் ஓர் ஏற்பாட்டையும் பார்க்க வேண்டும். 1868இல் தொடங்கிய நார்வே மலையேற்றச் சங்கம் நாடெங்கும் 550க்கும் மேற்பட்ட குடில்களை நடத்துகிறது. அவற்றில் ஒரு வகைக் குடிலில் ஆளே இருக்க மாட்டார். உறுப்பினர்களுக்கு ஒரே மாதிரிச் சாவி. உள்ளே அடுப்பு, விறகு, படுக்கை. கூடவே ஒரு சரக்கறை. டின்னில் அடைத்த மீன் உருண்டை, சூப் பொடி, ஓட்ஸ், மொறுமொறு ரொட்டி, காப்பித் தூள் எல்லாம் அடுக்கியிருக்கும், விலைப்பட்டியல் சுவரில். வந்தவர் எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டு, எடுத்ததையும் தங்கிய இரவையும் ஒரு படிவத்தில் எழுதி, கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள ஒப்புதல் தந்து, சுவரில் பதித்த பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். இப்போது வீட்டுக்குத் திரும்பிய பிறகு கைபேசிச் செயலியிலும் கட்டலாம்.

பணம் செலுத்துவதை வாங்கும் கணத்திலிருந்து பிரித்துவிட்டதால் குடிலில் சிக்னல் வேண்டியதில்லை, சில்லறை வேண்டியதில்லை, காவலும் வேண்டியதில்லை. பனிப்புயலில் நனைந்து வருபவரிடம் முதலில் பணம் கேட்கக் கூடாது என்ற அறம் இந்த ஏற்பாட்டின் அடித்தளம். உறுப்பினர் சங்கமும் நெடுநாள் பழகிய நம்பிக்கையும் இருப்பதால் அங்கே இது நடக்கிறது. எங்கும் அப்படியே பெயர்த்து நட முடியாது. ஆனால் பெரும்பாலான கேம்பிங் தளங்கள் விருந்தினரின் பெயரையும் முகவரியையும் முன்பதிவிலேயே வாங்கிவிடுகின்றன. கடையில் எடுத்ததைத் தங்கும் கணக்கில் எழுதி, கிளம்பும் நாளில் மொத்தமாக வசூலிக்க அவற்றுக்குத் தடை எதுவும் இல்லை. நம் ஊர் மளிகைக் கடைப் பற்று வரவு நோட்டின் வேலைதான் இது.

இங்கிலாந்தின் வேலியோர முட்டைப் பெட்டிகளில் இப்போது க்யூஆர் கோடு ஒட்டப்படுகிறது. டப்பாவைத் திருடர் தூக்கிப்போகும் தொல்லை இதில் குறையும். ஆனால் கார் நிறுத்தங்களில் நடப்பதுபோல, போலிக் கோட்டை மேலே ஒட்டிப் பணம் பறிக்கும் மோசடிக்கு ஆளில்லாப் பெட்டி எளிய இலக்கு. டப்பாவையும் விட்டுவைத்திருக்கும் விவசாயிகள் புத்திசாலிகள்.

யுபிஐ தரும் பாடம்

இந்திய வாசகருக்கு இந்தக் கமிஷன் கணக்கெல்லாம் விசித்திரமாகத் தோன்றலாம். 2016 ஏப்ரலில் வந்த யுபிஐயில், கடைக்காரரிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்ற விதி 2020 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. 2023-24 நிதியாண்டில் 13,000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. கொடைக்கானல் வழியில் சோளம் சுட்டு விற்பவரிடமும் ஒரு காகிதக் கோடு இருக்கிறது. இரண்டரை பென்ஸ் கவலை அவருக்கு இல்லை. ஆனால் இலவசம் என்பதற்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள். சிறு கடைகளின் பரிமாற்றங்களுக்கு வங்கிகளை ஈடுகட்ட 2024-25க்கு 1,500 கோடி ரூபாய் வரை ஊக்கத்தொகை என்று இந்திய அமைச்சரவை முடிவெடுத்தது.

பணத்தைக் கைமாற்றும் வழி சாலையைப் போலப் பொதுச் சொத்து, அதன் செலவைப் பொதுவில் ஏற்கலாம் என்ற கொள்கையை இந்தியா ஏற்றிருக்கிறது. பிரிட்டனோ இரண்டு அமெரிக்க நிறுவனங்களின் சாலையில் சுங்கம் கட்டிப் போகிறது. ஆனால் மலையில் சிக்னல் இல்லாத வளைவில் யுபிஐயும் நின்றுவிடும். வெளிநாட்டுப் பயணிக்கு அதுவும் ஸ்விஷ் போலப் பெரும்பாலும் வேலிதான். கமிஷன் சிக்கலை இந்தியா தீர்த்திருக்கிறது. இணைப்புச் சிக்கலும் வெளியார் சிக்கலும் இங்கும் மிச்சம்.

செய்ய வேண்டியவை

மொத்தத்தில் தெரிவது இது. கார்டு கடைக்காரருக்கு நன்மை செய்திருக்கிறது. கேம்பிங் பருவத்தின் பெரும்பாலான நாட்களில் அது நன்றாக வேலை செய்கிறது. அதைத் திருப்பி அனுப்பச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கார்டு தோற்கும் நாட்களும் கார்டு இல்லாத மனிதர்களும் தற்செயலாக வருவதில்லை. புயல், பள்ளத்தாக்கு, வறுமை, குழந்தைப் பருவம், அயல்நாடு என்று முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய இடங்களில்தான் அது தோற்கிறது. கேம்பிங் தளம் இவை எல்லாம் சேரும் இடம்.

ஒரே கடையாக இருக்கும் கடைக்கு உணவு, தண்ணீர், எரிபொருள், மருந்து ஆகியவற்றை மட்டுமாவது ரொக்கத்துக்கு விற்கும் கடமை வேண்டும். டென்மார்க்கைப் போல இரவுக்கு விலக்கு தரலாம். பிரான்சைப் போலச் சரியான சில்லறையைக் கேட்கும் உரிமையைக் கடைக்காரருக்குக் கொடுக்கலாம். நார்வேயைப் போல ஆளில்லாப் பெட்டிகளை விதியிலிருந்து விலக்கலாம். ஆஸ்திரேலியா 2024இல் அத்தியாவசியப் பொருள் விற்கும் கடைகளுக்கு ரொக்கக் கடமையை அறிவித்தபோது சிறு வணிகங்களுக்கு விலக்கு தருவதாகச் சொன்னது. அதிலுள்ள இரக்கம் புரிகிறது. ஆனால் விலக்கு பெறும் அந்தச் சிறு கடையே ஊரின் கடைசிக் கடையாக இருக்கும்போது, விதி தேவைப்படும் இடத்திலேயே இல்லாமல் போகிறது. கடமையையும் உதவியையும் சேர்த்தே தருவதுதான் சரியான வழி.

உதவி யாரிடமிருந்து வர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கிளைகளை மூடியதால் செலவை மிச்சப்படுத்தியவை வங்கிகள். பருவகாலக் கடைகளிடம் வாரம் ஒரு முறை காசைப் பெற்றுக்கொண்டு சில்லறை தரும் வண்டியை அனுப்புவது அவற்றின் பொறுப்பு. சிறு வியாபாரிகள் நாணயம் கட்ட எடுக்கும் கட்டணத்தை ஒரு வரம்புவரை நீக்கலாம். கார்டு நிறுவனங்கள், சிறு தொகைக்கு இணைப்பில்லாப் பரிமாற்றத்தைத் தம் பொறுப்பில் அனுமதிக்க வேண்டும். நஷ்டத்தைக் கடைக்காரரிடம் தள்ளக் கூடாது. சிறு கடைகளின் கமிஷனுக்கு வரம்பு வைக்கும் அதிகாரத்தை ஒழுங்குமுறை அமைப்பு பயன்படுத்த வேண்டும்.

கடைக்காரர்கள் தாமே செய்யக்கூடியவையும் உண்டு. எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும் சிம் கொண்ட மெஷின், ஒரு பவர் பேங்க், பத்துப் பதினைந்து பவுண்டு சில்லறை, கணக்கில் எழுதிக்கொள்ள ஒரு நோட்டு. முன்பதிவு உறுதிசெய்யும் செய்தியிலேயே கடையில் எப்படிப் பணம் செலுத்தலாம் என்று ஒரு வரி எழுதிவிட்டால், வந்த பிறகு யாரும் தவிக்க வேண்டியதில்லை.

பணம் என்பது முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒருவரையொருவர் நம்புவதற்காக உருவான ஏற்பாடு. பெரிய நகரத்தில் அந்த நம்பிக்கையைப் பத்து வழிகளில் வாங்கலாம். மலையடிவாரத்தின் ஒரே கடையில், மழையில் நனைந்த ஒரு குடும்பமும் கையில் நாணயத்தோடு ஒரு குழந்தையும் வந்து நிற்கும்போது, வழி ஒன்று மட்டும்தான் என்று சொல்லும் நிலைக்குக் கடைக்காரரைத் தள்ளியது நாம் கட்டிய அமைப்பு. அதைத் திருத்தும் செலவு சிறிது. அதை யார் கட்டவேண்டும் என்பதும் தெளிவு. இனித் தேவைப்படுவது சட்டமன்றங்களின் துணிவு.